இந்தக் கட்டுரை யாரோடு வாதிடுகிறது?

மகளிரியல் முதுகலையில் சேர்ந்து முதல் பருவத்தில் பாதி போவதற்குள் பலருக்கும் ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. வாசிப்புப் பட்டியலில் உள்ள கட்டுரையைத் திறந்தால் மூன்றாவது பத்தியிலேயே கண் சொருகுகிறது. அகராதியைப் புரட்டி ஓரத்தில் பொருள் எழுதிவைத்தாலும், மொத்தத்தில் இவர் என்னதான் சொல்ல வருகிறார் என்பது பிடிபடுவதில்லை. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் தங்கள் ஆங்கிலம்தான் காரணம் என்று நொந்துகொள்கிறார்கள். பக்கத்து இருக்கையில் கான்வென்ட்டில் படித்து வந்தவரும் அதே பத்தியில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மொழியைத் தாண்டி இன்னொரு காரணம் இருக்கிறது. பெண்ணியக் கோட்பாட்டில் நிலைத்து நிற்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை யாருக்கோ சொன்ன பதில்கள். ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்கு, ஓர் அரசு அறிக்கைக்கு, சக பெண்ணியவாதியின் புத்தகத்துக்கு எழுந்த மறுப்புகள். முதலில் பேசியவர் யாரென்று தெரியாமல் பதிலை மட்டும் படித்தால் புரியாதுதான். அதனால் எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், சொல்லுக்குப் பொருள் தேடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் யாரோடு வாதிடுகிறார்? அந்த வாதம் அந்த வருடத்தில் ஏன் வந்தது? இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

ஒரு தொழிற்சாலை, ஒரு தீர்ப்பு

கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இன்று எல்லாப் பாடத்திட்டங்களிலும் இருக்கிறது. இனம், பாலினம், வர்க்கம் ஆகியவை குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒடுக்குமுறை வேறு வடிவம் எடுக்கிறது என்று ஒரே வரியில் சுருக்கி, தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. கிரென்ஷா ஒரு சட்டப் பேராசிரியர். அவர் எடுத்துப் பேசிய வழக்கிலிருந்து தொடங்குங்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. மந்தநிலை வந்து ஆட்குறைப்புச் செய்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்புவது என்ற விதிப்படி, 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். 1976இல் நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் 1964க்கு முன்பே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை. அப்படி எடுக்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள் என்பதை நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. இனப் பாகுபாடு பற்றிய குறையை அதே நிறுவனத்தின் மீது நடக்கும் வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இரண்டையும் ஒன்றாக்கிப் புதிதாக ஒரு நிவாரணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று முடித்தது.

இப்போது கட்டுரையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பத்தியும் அந்த நீதிபதிக்குச் சொல்லும் பதிலாகப் படிக்கும். பெண் என்றால் வெள்ளையினப் பெண், கறுப்பர் என்றால் கறுப்பின ஆண் என்று சட்டம் மனதுக்குள் வரைந்துவைத்திருக்கும் படத்தைத்தான் கிரென்ஷா உடைக்கிறார். இந்தப் புரிதல் வந்த பிறகு, நம் ஊரில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீது நடந்த வன்முறை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பதிவாகிறது, எது விட்டுப்போகிறது என்ற கேள்வி தானாக வரும். வரவில்லை என்றால் கட்டுரையை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

வாசிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் இரண்டு பக்கங்களையும் கடைசி இரண்டு பக்கங்களையும் மட்டும் முதலில் படியுங்கள். ஆசிரியர் பெயர் சொல்லி மறுக்கும் ஆட்களை அடிக்கோடிடுங்கள். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், உண்மையான சச்சரவு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். பிறகு நோட்டில் இடப்பக்கம் எதிராளி சொன்னதையும் வலப்பக்கம் இவர் சொல்லும் பதிலையும் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருந்தால் நூலகத்துக்குப் போய் அந்த எதிராளியைக் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். மாணவர்கள் தவிர்க்கும் வேலை இதுதான். நேரத்தை மிச்சப்படுத்தும் வேலையும் இதுதான்.

இதே காரணத்தால் ஜூடித் பட்லரின் 1990ஆம் ஆண்டுப் புத்தகத்தில் முதுகலையைத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. 'பெண்கள்' என்ற ஓர் உறுதியான அடையாளத்தின் மேல் தன் அரசியலைக் கட்டிய பெண்ணியத்தோடுதான் பட்லர் வாதிடுகிறார். அந்தப் பெண்ணியம் எப்படிப் பேசியது என்று தெரியாமல் அவரிடம் போனால் வெறும் மூட்டம்தான் மிஞ்சும். சிமோன் த போவ்வாரின் 1949ஆம் ஆண்டு நூலில் சில அத்தியாயங்கள், மார்க்ஸ், லெவி ஸ்ட்ராஸ், ஃப்ராய்ட் மூவரையும் வரிசையாக மடக்கிக் கேள்வி கேட்கும் கேய்ல் ரூபினின் 1975ஆம் ஆண்டுக் கட்டுரை, வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1986இல் எழுதியது ஆகியவற்றைப் படித்துவிட்டுப் பட்லரிடம் வாருங்கள். சந்திரா தல்பதே மொஹந்தியையும் அப்படித்தான். மூன்றாம் உலகப் பெண்கள் என்று எல்லாரையும் ஒரே குவியலாக்கி எழுதிய மேலைப் புத்தக வரிசை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் எண்பதுகளில் அந்தக் கட்டுரையை எழுதினார்.

இந்தியாவில் இந்தப் படிப்பு எப்படி வந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. 1971இல் மத்திய அரசு பெண்களின் நிலை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. ஃபுல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலாளர். 1974 இறுதியில் அறிக்கை வந்தது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் என்றிருந்த விகிதம் 1971இல் 930ஆகச் சரிந்திருந்தது. விடுதலை பெற்ற நாட்டில் பெண்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியிருந்த படித்த வர்க்கத்துக்கு அது பெரும் அதிர்ச்சி. அதே 1974இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பற்றிய ஆய்வு மையம் தொடங்கியது. 1980இல் டெல்லியில் பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம், 1982இல் மகளிரியலுக்கான அகில இந்தியச் சங்கம் என்று அடுத்தடுத்து வந்தன.

இன்னொரு பக்கம் மதுரா வழக்கு. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி வன்புணர்வுக்கு ஆளான வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. 1979இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான லோத்திகா சர்க்கார் முன்சொன்ன குழுவிலும் இருந்தவர். கடிதம் தெருப் போராட்டமாகி, 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. வகுப்பறையும் தெருவும் இந்தத் துறையில் பிரிந்தே இருந்ததில்லை. 'இது படிப்பா, அரசியலா' என்று யாராவது உங்களிடம் கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

படிக்கும் இடம் பற்றி இரண்டு வார்த்தை. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இலிருந்து இருக்கிறது. திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகங்களில் மகளிரியல் துறைகள் இருக்கின்றன. வெளியே போக முடிந்தால் புதுச்சேரி, ஹைதராபாத், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். பாடத்திட்டத்தை இறக்கிப் படித்துப் பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள். ஒரு துறை கோட்பாட்டில் ஊன்றி நிற்கும், இன்னொன்று சுயஉதவிக் குழு, ஊரக வளர்ச்சி என்று போகும். இரண்டும் தேவையான படிப்புதான், ஆனால் உங்களுக்கு வேண்டியது எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சாதியைத் தனி வாரமாக ஒதுக்காதீர்கள்

பல பாடத்திட்டங்களில் பத்தாவது வாரத்தில் சாதி வரும், பதினோராவது வாரத்தில் போய்விடும். நீங்கள் அப்படிப் படிக்க வேண்டாம். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையை முதல் வாரமே படியுங்கள். சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் சாதியைத் தாங்கி நிற்கிறது என்றும், உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் அந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற வந்தவை என்றும் அதில் வாதிடுகிறார். அப்போது அவருக்கு வயது 25. உமா சக்ரவர்த்தி 1993இல் பார்ப்பனிய ஆணாதிக்கம் பற்றி எழுதியதை அதன் பின்னால் வைத்துப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

அடுத்து ஒரு தொடர் விவாதம். தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995இல் எழுதினார். சர்மிளா ரேகே 1998இல் அதை எடுத்துக்கொண்டு பெண்ணிய இயக்கத்தையே கேள்வி கேட்டார். சாயா தத்தார் 1999இல் ரேகேவை மறுத்தார். ரேகே மீண்டும் பதில் சொன்னார். எல்லாமே எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தவை. எழுதியவர்கள் ஒரே மாநிலத்தில் வாழ்ந்தவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மரியாதையை விடாமல் கடுமையாக வாதிடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் நானறிந்து இல்லை. இதன் பக்கத்தில் சிவகாமியின் 'பழையன கழிதலும்', பாமாவின் 'கருக்கு' இரண்டையும் வையுங்கள். அவற்றைக் கோட்பாட்டுக்கு உதாரணமாக மட்டும் பயன்படுத்தும் கெட்ட வழக்கம் கருத்தரங்குகளில் இருக்கிறது. சிவகாமி தன் நாவலையே பின்னால் எழுதிய ஒரு புத்தகத்தில் எடுத்துவைத்து விமர்சித்தவர். வாதம் அங்கேயும் நடக்கிறது.

நம் பக்கத்து ஆவணம்

தமிழ் தெரிந்த மாணவருக்குக் கையில் ஒரு பெரிய செல்வம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. தேவதாசி ஒழிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் அந்தப் போராட்டத்தைத் தொடங்கினார். முழுத் தடைச் சட்டம் 1947இல் வந்தது. அதே மரபின் கொடுமையை வாழ்ந்து பார்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், சுயமரியாதை இயக்கத்தின் குரலாக, 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டார். ஆனால் தேவதாசிகள் சங்கம் கூடி அரசுக்கு எதிர்ப்பு மனுக்கள் அனுப்பியதும் நடந்தது. எங்கள் சொத்து, எங்கள் கலை, எங்கள் வழிபாடு, எங்களைக் கேட்காமல் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பெண்ணுக்குச் சொத்து போகும் வழக்கம் இருந்த குடும்பங்கள் அவை என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

மூன்று தரப்பிலும் பெண்கள். மூன்று தரப்பும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவை. யார் பக்கம் நிற்பது என்று உடனே முடிவெடுக்கத் தோன்றும், கொஞ்சம் பொறுங்கள். அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985இலும், எஸ். ஆனந்தி 1991இலும், தவேஷ் சோனேஜி 2012இலும் இதைப் பற்றி எழுதியவற்றை வரிசையாகப் படியுங்கள். பிறகு மூல ஆவணங்களுக்குப் போங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம், பெரியார் திடல் நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் எல்லாம் உங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டு நிறைவேறிய தீர்மானத்துக்கும், 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தத்துக்கும் இடையில் 60 வருடம். அந்த 60 வருடத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதில் மட்டும் பல ஆய்வேடுகளுக்கு இடமிருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் அறிஞரால் இந்தப் பக்கங்களைப் புரட்ட முடியாது. உங்களால் முடியும்.

ஒரு பருவக் கட்டுரையை எழுதிப் பார்ப்போம்

2023 செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. 'உரிமைத் தொகையும் பெண் விடுதலையும்' என்று தலைப்பு வைத்துப் பத்துப் பக்கம் பாராட்டியோ திட்டியோ எழுதினால் அது கட்டுரை ஆகாது. இதில் யார் யாரோடு வாதிடுகிறார்கள் என்று தேடுங்கள்.

1972 வாக்கில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் எழுந்தது. மரியரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிசி அதன் முகங்கள். அந்த வேலையைப் பெண்ணின் இயல்பு என்று சொல்வதை உடைக்கத்தான் ஃபெடரிசி கூலி கேட்டார். வேலையை மறுக்கும் வலுவும் அந்தக் கோரிக்கையிலிருந்து வரும் என்றார். ஆஞ்செலா டேவிஸ் 1981இல் இதை எதிர்த்தார். கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் வீடுகளில் கூலிக்கு வீட்டு வேலை செய்தவர்கள், அந்தக் கூலி அவர்களை விடுவித்ததா என்று கேட்டார். இப்போது உங்கள் நோட்டின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

இனித் திட்டத்தின் தொடக்க விதிகளைப் படியுங்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள். மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு பெண். கடைசி விதியில் நில்லுங்கள். ஒரே அட்டையில் மாமியாரும் மருமகளும் இருக்கிறார்கள். விடிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது மருமகள். குடும்பத் தலைவி என்று அட்டை சொல்வது மாமியாரை. பணம் உழைப்புக்குப் போகிறதா, குடும்பத்தில் ஒருவர் இருக்கும் இடத்துக்குப் போகிறதா? அதே விதிமுறைகள் கணவரில்லாத பெண்களையும், குடும்பத்தை நடத்தும் திருநங்கைகளையும் தலைவியாக ஏற்கின்றன. அதையும் எடை போடுங்கள்.

2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகிறார், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். மாதக் கணக்கில் பெண்ணுக்கு ஏறத்தாழ 150 மணி நேரம். 1,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. இந்தக் கணக்கைப் போடுங்கள், ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள். தன் பெயரில் முதன்முதலாக வங்கிக் கணக்கில் விழுந்த பணத்தை ஒரு பெண் எதற்குச் செலவழித்தார், யாரிடமும் கேட்காமல் செலவழித்தாரா என்பது வகுத்தலில் வராது. பத்துப் பெண்களிடம் பொறுமையாகக் கேட்டால் வரும். அந்தக் கேள்விக்கு ஃபெடரிசியும் டேவிஸும் என்ன சொல்லியிருப்பார்கள், எங்கே இருவரும் உங்கள் தெருவைப் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்று எழுதும்போதுதான் நீங்களும் அந்த வாதத்தில் ஒருவராகிறீர்கள்.

முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்றாலும் அப்படியே செய்யுங்கள். தமிழில் சொல்ல முடியாத வாக்கியம் பெரும்பாலும் உங்களுக்கே புரியாத வாக்கியமாக இருக்கும். கடினமான கருத்தை எளிமையாகச் சொல்லும் நடைக்கு முன்மாதிரி வேண்டும் என்றால், வ. கீதா பாலினம் பற்றியும் ஆணாதிக்கம் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு சிறு நூல்களையும் பாருங்கள்.

களத்துக்குப் போகும்போது

திருநர் வாழ்க்கை பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் இப்போது அதிகம். 2008இல் தமிழ்நாடு திருநங்கைகள் நல வாரியம் அமைத்ததும், 2014இல் திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கின் தீர்ப்பு வந்ததும் அந்த ஆர்வத்தைக் கூட்டின. நல்லதுதான். ஆனால் சித்திரையில் கூவாகம் திருநங்கைகள் திருவிழாவுக்குக் கேமராவோடு போய் இரண்டு நாளில் திரட்டி வருவதை ஆய்வு என்று நான் ஏற்க மாட்டேன். ஒரே பதிலை ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் மாணவருக்குச் சொல்லிச் சொல்லித் திருநங்கைகள் அலுத்திருக்கிறார்கள். அவர்களே எழுதியவை இருக்கின்றன. முதலில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாற்றைப் படியுங்கள். நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அங்கே பதில் இருக்கும், மீதிப் பாதி கேட்கக்கூடாத கேள்விகள் என்பதும் புரியும்.

யாரிடம் பேசினாலும் 'நீங்கள் ஒடுக்கப்படுகிறீர்களா?' என்று கேட்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டு நாள் முழுவதையும் சொல்லவிடுங்கள். 'அக்கா, அப்புறம்?' என்பதைத் தவிர நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டு ஆண்கள் வந்து உட்கார்ந்தால் பேச்சை மாற்றிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் தையல் மிஷின், இரண்டு பெண் பிள்ளைகள், வெளிநாட்டில் கணவர் என்ற மூன்று விவரங்களே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். விவரங்களையும் மாற்றுங்கள். பதிவு செய்த குரலை யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேலை பற்றிக் கேட்பவர்களுக்கு: நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடம். ஒருங்கிணைந்த சேவை மையங்கள், தொண்டு நிறுவனங்கள், ஊடகம், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனங்களில் அமைக்கும் பாலியல் புகார்க் குழுக்களுக்குப் பயிற்சி அளிப்பது என்று வழிகள் உண்டு. எதிலும் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. கல்விக் கடன் வாங்கும் முன் அதை மனதில் வையுங்கள்.

ஆய்வேடு முடியும் தறுவாயில், அதன் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி, உங்களிடம் பேசிய பெண்களிடம் வாசித்துக் காட்டுங்கள். சமர்ப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக இதைச் செய்யுங்கள். 'நான் இப்படிச் சொல்லலையே' என்று ஒருவர் சொன்னால் அந்தப் பகுதியைத் திருத்தவும், 'இதை எடுத்துடும்மா' என்று இன்னொருவர் சொன்னால் அதை எடுத்துவிட்டு அத்தியாயத்தை மறுபடி எழுதவும் அந்த அவகாசம் வேண்டும்.